ஒருமித்த வாழ்வும் நன்றியறிதலும்: போன்ஹாஃபரின் நூலைப் பற்றிய ஒரு திறனாய்வு

ஞாயிறுதோறும் தவறாமல் ஆலயத்திற்கு வருகிற விசுவாசி ஒருவரிடம், எதற்காக வருகிறீர் என்று வினவினால் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கும். ஆறுதல் கிடைக்கிறது என்பது ஒன்று. கர்த்தர் செய்த நன்மைகளுக்கு நன்றி செலுத்த வருகிறேன் என்பது மற்றொன்று. இவை எளிய விடைகளே ஆயினும் இழிவானவை அல்ல. வாரமெல்லாம் வயலிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் உழன்றவர்கள், ஒரு மணி நேரமாவது இளைப்பாற இடம் தேடுவது குற்றமாகாது. எனினும் இவ்விடைகளை இறையியல் நோக்கில் ஆராய்ந்து பார்க்கும் கடமை போதகர்களாகிய நமக்கு உண்டு. ஆறுதல் ஒன்றும் கிடைக்காத வாரத்தில் அந்த விசுவாசி எதற்காக வரவேண்டும்? நன்மை என்று விரல் மடக்கி எண்ணுவதற்கு ஒன்றுமில்லாதவர் எதற்காக நன்றி சொல்லவேண்டும்? சபையே ஒருவரைப் புண்படுத்தியிருக்கும்போது, அச்சபைக்காக நன்றி சொல்லும்படி அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டா?

இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹாஃபர் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலொன்றை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். அதன் பெயரை 'ஒருமித்த வாழ்வு' எனத் தமிழில் வழங்கலாம். 133ஆம் சங்கீதத்தைக் கொண்டு தொடங்கும் நூலுக்கு இப்பெயர் பொருந்தும். 1954இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததிலிருந்து பல நாட்டு இறையியல் மாணவர்கள் இதைக் கற்று வருகின்றனர். நன்றியறிதல் கிறிஸ்தவ ஐக்கியத்தின் விளைவு மட்டுமன்று, அதன் அடிப்படையே ஆகும் என்று காட்டியது இந்நூலின் பெருஞ்சிறப்பு. ஆனால் இப்போதனை அநீதிக்குள்ளான சகோதரனின் வாயை அடைக்கும் கருவியாகவும் மாறக்கூடும். ஆகவே இந்நூலை நன்றியோடும் விழிப்போடும் வாசிக்கவேண்டும் என்பதே எம் கருத்து.

1. நூல் பிறந்த சூழ்நிலை

1906இல் பிறந்த போன்ஹாஃபர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே திருச்சபைக்கு நேரிட்ட ஆபத்தை உணர்ந்தவர்களுள் ஒருவர். யூத வமிசத்தில் பிறந்தவர்களை, அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களாயினும், திருச்சபையின் ஊழியத்திலிருந்து விலக்கும் சட்டப்பிரிவு அவ்வாண்டு செப்டம்பரில் பிரஷ்ய திருச்சபையின் பேரவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதை எதிர்த்தோரின் போராட்டத்திலிருந்தே 'அறிக்கைத் திருச்சபை' தோன்றியது. அதற்குரிய போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு 1935இல் போன்ஹாஃபரிடம் ஒப்படைக்கப்பட்டது. பால்டிக் கடற்கரையிலுள்ள சிங்ஸ்டில் தொடங்கிய அப்பயிற்சிப்பள்ளி, சில மாதங்களில் ஸ்டெட்டின் நகருக்கருகிலுள்ள ஃபிங்கன்வால்டேக்கு மாறியது.

இதற்குச் சற்று முன்னர் அவர் நம் நாட்டிற்கு வர விரும்பினார் என்பது பலர் அறியாத செய்தி. ஆசிரம வாழ்க்கையை நேரில் கற்க விரும்பிக் காந்தியடிகளுக்கு எழுத, 1934இல் காந்தியடிகளும் அவரை வரவேற்று விடை எழுதினார். பயிற்சிப்பள்ளியின் பொறுப்பு குறுக்கிட்டதால் அப்பயணம் நடைபெறவில்லை. வந்திருந்தால், 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில் தாம் தேடியதற்கு ஒத்த ஒன்றைக் கண்டிருப்பார் எனலாம். அங்கும் ஜெபம், உழைப்பு, பகிர்வு ஆகியவை ஒரே வாழ்வின் அங்கங்களாக இருந்தன.

1937இல் கெஸ்டபோ என்னும் இரகசியக் காவற்படை ஃபிங்கன்வால்டே பள்ளியை மூடி முத்திரையிட்டது. அங்கே பயின்றவர்களில் பலர் சிறைப்பட்டனர். அதன்பின் 1938இல் கோட்டிங்கன் நகரில் ஏறக்குறைய நான்கு வாரங்களில் போன்ஹாஃபர் இந்நூலை எழுதி முடித்தார். எழுதிய இடம் அவருடைய இரட்டைச் சகோதரியின் வீடு. அச்சகோதரியின் கணவர் யூத வமிசத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற சட்ட அறிஞர். அக்குடும்பம் அந்தச் செப்டம்பரிலேதான் நாட்டைவிட்டுத் தப்பிச் சென்றிருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற வீட்டில் அமர்ந்தே சகோதர ஐக்கியத்தின் இன்பத்தைப் பற்றி அவர் எழுதினார். இதை மறந்து வாசிப்போருக்கு இந்நூல் ஒரு மென்மையான பக்திநூலாகத் தோன்றும். நினைவிற்கொண்டு வாசிப்போருக்கோ அதன் ஒவ்வொரு நன்றிச்சொல்லுக்கும் கொடுக்கப்பட்ட விலை விளங்கும்.

2. நூலின் மையக் கருத்து

ஐந்து அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் முதல் அதிகாரம் சகோதரரோடு கூடியிருப்பதே ஒரு கிருபை என்று தொடங்குகிறது. அது எல்லாருக்கும் எப்போதும் வாய்ப்பதன்று. சிறையிலிருப்போர், நோயாளிகள், சிதறுண்டோர், அந்நிய நாட்டில் தனித்துச் சாட்சி பகர்வோர் ஆகியோருக்கு மறுக்கப்பட்ட ஒன்று நமக்கு வாரந்தோறும் அருளப்படுகிறது. அன்றாடம் கிடைப்பதாலேயே அதன் அருமையை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவதாக, ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்ற வினாவிற்கு அவர் தரும் விடை ஆழமானது. லூத்தரின் மரபில் நின்று, தேவனுடைய வார்த்தை எனக்கு வெளியிலிருந்து வருகிறது என்கிறார். சோர்ந்துபோன மனிதன் தன் உள்ளத்திற்குள் எவ்வளவு தோண்டினாலும் அங்கே நிச்சயத்தைக் காணமாட்டான். அவனுக்கு மற்றொரு மனிதனின் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவேண்டும். என் இருதயத்திலுள்ள கிறிஸ்துவைவிட என் சகோதரனுடைய சொல்லிலுள்ள கிறிஸ்து எனக்கு உறுதியானவர் என்பது அவருடைய வாதம். எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் சபைகூடுதலைப் பற்றிப் பேசும் இடமும் (எபி. 10:24–25) இதற்கு இசைவாகவே உள்ளது. அங்கே கூடிவருதலின் நோக்கம் புத்திகேட்பது மட்டுமன்று, புத்திசொல்வதுமாகும். ஆறுதல் பெற வருகிறேன் என்பவர், தம்மை அறியாமலே மற்றொருவருக்கு ஆறுதல் கொண்டுவருகிறார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமையில் அந்த மற்றொருவர் வெறுமையாய்த் திரும்பவும் கூடும்.

மூன்றாவதாக, நன்றியறிதலைக் குறித்து அவர் கூறுவது நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இலட்சியச் சபை ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவன், உண்மையான சபையைக் கண்டவுடன் ஏமாற்றமடைகிறான். முதலில் சகோதரரையும், பின்பு தேவனையும், இறுதியில் தன்னையுமே குற்றஞ்சாட்டுகிறான். ஆகவே அந்தக் கனவு எவ்வளவு விரைவில் உடைகிறதோ அவ்வளவிற்கு நல்லது. தேவன் ஏற்கெனவே அளித்துள்ள ஐக்கியத்திற்குள் நாம் நன்றியோடு பிரவேசிக்கிறோமேயன்றி, அதை நாம் உண்டாக்குவதில்லை. சிறிய அன்றாட ஈவுகளுக்கு நன்றி கூறாதவனுக்குப் பெரிய ஆவிக்குரிய ஈவுகள் எப்படி அருளப்படும் என்று அவர் கேட்கிறார். சிறப்பாகப் போதகர்களை நோக்கி, தம் சபையைக் குறித்து மனிதரிடத்திலும் தேவனிடத்திலும் முறையிட்டுக் கொண்டிருக்கவேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். சபையைக் குற்றஞ்சாட்டும் வேலை போதகருக்குக் கொடுக்கப்படவில்லை என்பது அவர் கருத்து. போதகர் கூட்டங்களில் நாம் பேசுபவற்றை நினைத்துப் பார்ப்போமானால், இவ்வெச்சரிக்கை எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

3. நம் நன்றிவழக்கங்களின்மேல் விழும் வெளிச்சம்

இப்போதனை நம் சபைகளின் நன்றிவழக்கங்களைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது. பிறந்தநாள், திருமணநாள், தேர்வில் வெற்றி, வேலை வாய்ப்பு, புதுமனை புகுதல், விபத்தினின்று தப்புதல் ஆகியவற்றிற்காக ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அறுப்பின் பண்டிகையில் முதற்கனிகளைக் கொண்டுவருகிறோம். அசனப் பண்டிகையில் ஊராரோடு உணவருந்துகிறோம். இவை அழகிய வழக்கங்கள். உழைப்பின் பலனைத் தேவன் கையிலிருந்து பெற்றதாக ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மையை இவை பல தலைமுறைகளாகக் கட்டிக் காத்துள்ளன. இவற்றை மேல்நாட்டுக் கண்கொண்டு இகழ்வது தவறு.

எனினும் இவற்றில் ஒரு குறை மறைந்திருக்கிறது. நன்றிக்குக் காரணம் காட்டவேண்டும், அக்காரணம் பிறர் மெச்சத்தக்க நன்மையாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் நாளடைவில் வளர்ந்துவிட்டது. தேர்வில் வென்ற பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும்போது, தோற்ற பிள்ளையின் தாய் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். குழந்தைப் பேற்றிற்கான காணிக்கை அறிவிக்கப்படும்போது, பிள்ளையில்லாத தம்பதியர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருக்கின்றனர். நன்றி கூறும் நேரம் பெற்றவர்களின் நேரமாகவும், பெறாதவர்கள் தங்கள் குறையை எண்ணிப் பார்க்கும் நேரமாகவும் மாறிவிடுகிறது.

இக்கட்டுரையாளர் ஊழியம் செய்த கிராமச் சபையொன்றில், முதிய விதவை ஒருவர் ஒரு ஞாயிறன்று காணிக்கை உறையைக் கொடுத்தார். காரணம் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எதற்காக என்று அறிவிப்பது எனப் பொருளாளர் திகைத்து வந்து கேட்க, அம்மூதாட்டியிடமே வினவினோம். "சும்மாதான் அய்யா. இந்த வாரமும் கோயிலுக்கு வந்திட்டேன்லா, எல்லாரையும் பார்த்தாச்சு" என்றார். அவர் போன்ஹாஃபரை வாசித்தவரல்லர். ஆயினும் அந்நூலின் முதல் அதிகாரம் கூறுவதை ஒரு வரியில் கூறிவிட்டார். சகோதரரைக் காண்பதே நன்றிக்குப் போதுமான காரணம் என்னும் அறிவு நம் சபைகளுக்குப் புதிதன்று. அறிவிப்புப் பட்டியல்களே அதை மறைத்துவிட்டன.

சங்கீதங்களைச் சபையின் ஜெபநூலாகப் பயன்படுத்த போன்ஹாஃபர் அறிவுறுத்துவதும் இங்கே பொருந்துகிறது. என் மனநிலைக்கு ஒவ்வாத சங்கீதத்தை நான் எவ்வாறு ஜெபிப்பது என்று கேட்போருக்கு, அச்சங்கீதம் கிறிஸ்துவினுடையதும் அவருடைய சரீரமாகிய சபை முழுவதினுடையதும் ஆகும் என்கிறார். இன்று எனக்குத் துதிக்க வார்த்தையில்லாவிட்டால், துதிக்கிறவர்களுடைய வார்த்தையில் நான் பங்குகொள்கிறேன். இன்று எனக்குத் துயரமில்லாவிட்டால், துயரப்படுகிறவருடைய முறையீட்டில் நான் குரல் சேர்க்கிறேன். ஆராதனை முறைமையில் புலம்பல் சங்கீதங்களை விலக்கித் துதிப் பாடல்களை மட்டும் பாடும் சபை, தன்னிலுள்ள பாதிப்பேரை ஊமையாக்குகிறது.

பாடல் குறித்து அவர் கூறும் ஒன்றையும் குறிப்பிடலாம். எல்லாரும் ஒரே இராகத்தில் ஒருகுரலாய்ப் பாடுவதையே அவர் வலியுறுத்துகிறார். தன் குரல் தனித்துக் கேட்கவேண்டுமெனப் பாடுகிறவரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். நான்கு குரல்களில் பயிற்சிபெற்ற நம் பாடகர் குழுவினர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்களுடைய உழைப்பும் காணிக்கையே என்பதால் இதில் அவர் வரம்பு மீறுகிறார் என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும் கீர்த்தனைகளை ஒருகுரலாய்ப் பாடி வளர்ந்த நம் கிராமச் சபையாருக்கு அவர் சொல்வது எளிதில் விளங்கும்.

4. நூலின் எல்லைகள்

இனி இந்நூலின் குறைபாடுகளைக் காண்போம். நூலில் விவரிக்கப்படும் நாளொழுங்கு ஃபிங்கன்வால்டேயில் உருவானது. அங்கிருந்தோர் ஒரே அழைப்பை ஏற்று வந்த இளம் ஆண்கள். குடும்ப ஆராதனையைப் பற்றியும் ஆசிரியர் பேசுகிறார் என்பது உண்மையே. எனினும் விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, சமைத்து, வேலைக்குச் செல்லும் தாய்க்குத் தினந்தோறும் அமைதியான தியான வேளை எங்கிருந்து கிடைக்கும் என்ற வினா நூலில் எழவில்லை. நம் சபைகளில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை நினைத்தால் இது சிறிய குறையன்று.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. சபையைக் குறித்து முறையிடாதே, நன்றி சொல் என்னும் அறிவுரை, யாருடைய வாயிலிருந்து யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. போன்ஹாஃபர் அதைச் சொன்னது, தம் கனவிற்குச் சபையை வளைக்க விரும்பும் பக்திமான்களுக்கும், தம் சபை தமக்குத் தகுதியானதன்று என்றெண்ணும் போதகர்களுக்கும். அதே அறிவுரையை, சபையில் அதிகாரம் செலுத்துவோர் ஒடுக்கப்பட்டோருக்குச் சொல்வார்களாயின், மருந்து நஞ்சாகிவிடும்.

நம் வரலாறே இதற்குச் சான்று. தென்னிந்திய சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்வதும், திருவிருந்தில் வரிசை பார்ப்பதும் நெடுங்காலம் நீடித்தன. இவ்வேறுபாடுகளை விட்டொழிக்குமாறு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டபோது, தஞ்சாவூர், வேப்பேரி போன்ற இடங்களில் சபையார் பலர் அதை எதிர்த்தனர். சபையின் சமாதானம் குலைகிறது என்பதே எப்போதும் சொல்லப்படும் காரணம். ஆனால் தரையில் அமர்த்தப்பட்டவருக்கு அச்சமாதானம் சமாதானமாக இருந்ததா? இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. இதைச் சுட்டிக்காட்டுகிற தலித் சகோதரரிடம், குறைகூறாமல் கிடைத்ததற்காக நன்றி சொல்லும் என்று போதகர் போன்ஹாஃபரை மேற்கோள் காட்டுவாராயின், அவர் அந்நூலை வாசிக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஏனெனில் அந்நூலே அதற்கு இடந்தரவில்லை. முதல் அதிகாரத்தில், பலவீனரையும் அற்பமாய்த் தோன்றுகிறவரையும் ஐக்கியத்திலிருந்து விலக்குவது, ஏழைச் சகோதரன் உருவில் கதவைத் தட்டும் கிறிஸ்துவையே விலக்குவதாகும் என்ற கருத்தை அவர் வலியுறுத்துகிறார். ஊழியத்தைப் பற்றிய அதிகாரத்தில் நாவடக்கம், செவிகொடுத்தல், உதவுதல், பாரஞ்சுமத்தல் ஆகிய ஊழியங்களை வரிசைப்படுத்தியபின், வெளிப்படையான பாவத்தில் விழுந்த சகோதரனைக் கடிந்துகொள்வது தவிர்க்கலாகாத கடமை என்றும் கூறுகிறார். 1933இல் யூத வமிசத்தாருக்காகக் குரலெழுப்பியவர் நன்றியறிதலை மௌனத்தோடு குழப்பியிருக்க இயலாது. எனினும் முதல் அதிகாரத்தின் எச்சரிக்கைக்கும் நான்காம் அதிகாரத்தின் கடமைக்கும் உள்ள தொடர்பை அவர் விளக்கிக் காட்டவில்லை. கனவு காண்பவனின் முறையீடு வேறு, காயம்பட்டவனின் முறையீடு வேறு என்று பிரித்துச் சொல்லாமல் விட்டது இந்நூலின் குறையே. அதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.

5. பவுல் காட்டும் வழி

இக்குறையை நிரப்பப் பவுலின் நிருபங்கள் உதவுகின்றன. கொரிந்து சபையைப்போல் குறைகள் மலிந்த சபை வேறொன்றைக் காண்பது அரிது. ஆயினும் அச்சபைக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்தியே பவுல் தம் நிருபத்தைத் தொடங்குகிறார் (1 கொரி. 1:4). அதே நிருபத்தில், வசதியுள்ளோர் முந்தி உண்டு இல்லாதோரை வெட்கப்படுத்தும் திருவிருந்துப் பந்தியைக் கண்டபோது, இதில் உங்களைப் புகழமாட்டேன் என்ற பொருள்பட உறுதியாகப் பேசுகிறார் (11:22). நன்றியும் கண்டனமும் ஒரே பேனாவிலிருந்து வருகின்றன. நன்றி செலுத்தியதனால் அவர் வாய் அடைபடவில்லை. கண்டித்ததனால் நன்றி பொய்யாகவுமில்லை. தேவனுடைய கிருபைக்காகவே அவர் நன்றி செலுத்துகிறார். அக்கிருபையை அவமதிக்கும் செயலையே கண்டிக்கிறார்.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலோ, வழக்கமான நன்றிக்கூற்று தொடக்கத்தில் காணப்படவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியமர்வதினின்று பேதுரு விலகிக்கொண்டதையும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததையும் நாம் அறிவது அந்நிருபத்திலிருந்தே (கலா. 2:11–14). சுவிசேஷமே புரட்டப்படும் இடத்தில், நன்றிக்கூற்றை வழக்கத்திற்காக எழுதிவைக்க அவர் மனம் இசையவில்லை போலும். பந்தியைப் பிரிப்பதும் அவர் கண்ணுக்கு சுவிசேஷத்தின் சத்தியத்தைப் பற்றிய காரியமாகவே தோன்றியது என்பதைச் சாதிச் சபைகளின் நடுவே ஊழியம் செய்யும் நாம் மறக்கலாகாது.

6. போதகரின் கடமை

மேற்கூறியவற்றினின்று சில நடைமுறை முடிவுகளைப் பெறலாம். முதலாவது, சபையைக் குறித்து முறையிடும் தம் வழக்கத்தைப் போதகர் விட்டொழிக்கவேண்டும். அதே வேளையில் சபையினால் புண்பட்டவரின் முறையீட்டிற்குச் செவிகொடுக்கவேண்டும். இவ்விரண்டையும் இடம் மாற்றிச் செய்வதே நம்மிடையே நிகழும் பெரும் பிழை. நாம் முறையிடுகிறோம்; முறையிட வேண்டியவர்களை மௌனமாக்குகிறோம்.

இரண்டாவது, ஸ்தோத்திரக் காணிக்கைகளை அறிவிக்கும் முறையை மாற்றியமைக்கலாம். தொகையையும் வெற்றியையும் வாசிப்பதைக் குறைத்து, சபை முழுவதும் ஒருவாய்ப்படச் சொல்லும் பொது நன்றிஜெபத்திற்கு முதலிடம் தரலாம். அதனுடன் துக்கத்திலிருப்போரையும் வேலையிழந்தோரையும் வரமுடியாதோரையும் பெயர் சொல்லி நினைவுகூரலாம். நன்றி கூறுகிறவரும் கண்ணீர் விடுகிறவரும் ஒரே ஜெபத்திற்குள் அடங்குவார்களாயின், இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதலாவர்.

மூன்றாவது, அருளுரை ஒன்றே ஆறுதல் தரும் என்று எண்ணுவதை விட்டுவிடவேண்டும். வாசலில் நலம் விசாரிக்கும் சொல், முதியவரின் கைப்பிடித்துப் படியேற்றும் இளைஞனின் செயல், இவற்றின் மூலமும் வெளியிலிருந்து வரும் அந்த வார்த்தை மனிதரை எட்டுகிறது. இவற்றைச் சபையாருக்குக் கற்பிப்பது போதகரின் பணியன்றோ?

போன்ஹாஃபர் 1943 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். தாம் எழுதிய சகோதர ஐக்கியம் அப்போது அவருக்கே மறுக்கப்பட்டது. அங்கே அவர் சங்கீதங்களையும் தம் சபையின் பழைய பாடல்களையும் நாடினார். அவ்வாண்டு கிறிஸ்துமசிற்காக உடன்கைதிகளுக்கென ஜெபங்களை எழுதிக் கொடுத்தார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். சபையோடு கூடியிருந்த நாட்களில் பெற்றதையே தனிமையில் அவர் செலவிட்டார் என்பதை அவருடைய சிறைக்கடிதங்கள் காட்டுகின்றன. நம் ஆலயங்களுக்கு வருகிறவர்களும் வாரநாட்களில் தனித்தே போராடுகிறவர்கள். ஞாயிறன்று அவர்கள் கையில் நாம் எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதையும், அதைப் பெறாமல் திரும்புகிறவர் யார், ஏன் என்பதையும் ஒவ்வொரு வாரமும் ஆராய்ந்து பார்ப்பது நமக்குத் தகும்.